வளைகாப்பில் ஒரு அலறல்

கோயம்புத்தூரிலிருந்து வருகிறவளுக்கு அம்பத்தூர் வெளிநாடு இல்லை என்று நினைப்பவர்கள், ரயில் நிலைய வாசலில் ஓர் ஆட்டோக்காரரிடம் "எஸ்டேட்டுக்கு வருவீங்களாங்க?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாமா, இவ்ளோ மரியாதையா கேக்குற? ஊருக்குப் புச்சா?" என்றார். ஒரு 'ங்க' போதும், பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியது போல ஆகிவிடுகிறது.

நான் தொழிற்சாலைகளில் சத்தமும் அதிர்வும் அளப்பவள். எந்த இயந்திரம் எவ்வளவு சத்தம் போடுகிறது, பக்கத்தில் நிற்கிறவரின் காதுக்கு அது ஆகுமா என்று மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அடித்து வடிவாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பை அளக்க அனுப்பியிருந்தார்கள். புதன் முதல் சனி வரை வேலை, ஞாயிறு மாலை ஊருக்கு ரயில். தங்குவதற்கு ரேவதி இருந்தாள். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என் அறையில் இருந்தவள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு.

பையில் எடுத்து வைத்தவை: மீட்டர், அதன் ஸ்டாண்ட், ஒரு பெட்டி மைசூர்பாக், காதடைப்பான் இரண்டு ஜோடி. காதடைப்பான் தொழிற்சாலைக்குத் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன்.

புதன்

ஆவடி தாண்டிப் போகிற எல்லா ரயிலும் திருநின்றவூர் போகும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வசதியாக இருக்கிறதே என்று காலை நீட்டிக்கொண்டேன். ஆவடிக்கு அப்பால் எங்கோ பாதை பிரிந்து, ரயில் மெதுவாக ஒரு மதிலை ஒட்டிப் போய் நின்றது. அதற்கு மேல் தண்டவாளமே இல்லை.

"இது சைடிங் வண்டிமா," என்றார் பூக்கூடையோடு இறங்கிய ஓர் அம்மா. "பட்டாபிராம் சைடிங். இத்தோட சரி. திருநின்றவூரு போறவ இதுல ஏன் ஏறுன?"

"போர்டைப் பார்க்கலைங்க."

"போர்டைப் பாக்க வேணாம். எடம் காலியா கீதான்னு பாரு. காலியா கீதுன்னா அது உன் வண்டி இல்ல."

இந்த விதியை எழுதி வைத்துக்கொண்டேன். கோவையில் பேருந்து காலியாக வந்தால் நல்ல சகுனம்.

ரேவதி ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போனாள். காக்க வைத்துவிட்டேனே என்றேன், "பரவால்ல டி" என்றாள். பின்னால் வந்த பைக்குக்காரன் இடித்துவிட்டுப் போனான், அவனிடமும் "பரவால்லண்ணா". வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதுவே. விடுதியிலும் இப்படித்தான். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற பெண்.

டீ குடிக்கும்போது சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மதியம் நான் பாடுறேன். இருந்து கேட்டுட்டுப் போ."

"கர்நாடகமா, சினிமாவா?"

"ஸ்க்ரீமோ."

"அப்படின்னா?"

"அலறது," என்றாள், மைசூர்பாக்கைச் சரிபாதியாக உடைத்துக்கொண்டே.

வியாழன்

காலை உணவு இட்லியும் வடகறியும். பருப்பை அரைத்து, வடையாகச் சுட்டு, அதைப் பிய்த்துப் போட்டுக் குழம்பாக்குகிறார்கள். இவ்வளவு வேலை செய்து செய்த வடையை ஏன் உடைக்க வேண்டும் என்று முதல் வாய்க்கு முன்னால் கேட்டேன். இரண்டாவது வாய்க்குப் பிறகு கேட்கவில்லை.

ரயிலில் ரேவதிக்கு ஆவடி வரை, எனக்கு அம்பத்தூர் வரை. ஆவடி வருவதற்குள் முழுப் பாடத்தையும் நடத்தி முடித்துவிட்டாள். டீச்சர் அல்லவா.

"முதல்ல ஹார்ட்கோர். பங்க் இசையோட இன்னும் கோவக்காரத் தம்பி. வேகம், கத்தல், ஒன்றரை நிமிஷத்துல பாட்டு முடிஞ்சிடும். போலீஸ் மேல கோவம், சர்க்கார் மேல கோவம், முதலாளி மேல கோவம். காலையில ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி. எங்கயும் நிக்காது. ஏற முடிஞ்சா ஏறிக்கோ."

"சரி."

"எண்பதுகள்ல அமெரிக்கத் தலைநகர்ல அந்தப் பசங்கள்ல சில பேருக்கு ஒரு யோசனை வந்துச்சு. எப்பவும் வெளிய இருக்கிறவன் மேலயே கத்திட்டிருந்தா, உள்ள இருக்கிறத எப்பச் சொல்றது? அதே வேகத்துல, அதே கிட்டார்ல, ஃபிரெண்ட் விட்டுட்டுப் போனது, அப்பாகிட்டப் பேச முடியாதது, தன் மேலயே வர்ற வெறுப்பு, இதையெல்லாம் பாட ஆரம்பிச்சாங்க. மேடையிலயே அழுதாங்க. எமோன்னு கிண்டலா ஒரு பேர் வெச்சாங்க, அது ஒட்டிக்கிச்சு. ரயில்ல ஜன்னல் சீட்டுல ஒரு பொண்ணு அழுதுகிட்டே வருவா, பாத்திருக்கியா? சுத்தி எல்லாரும் போனைப் பாத்துட்டு இருப்பாங்க. அவதான் எமோ."

பின்னாளில் அந்தப் பெயர் ஒற்றைக் கண்ணை மறைக்கும் முடிக்கும் கறுப்புச் சட்டைக்கும் போய்விட்டது என்றும், வகுப்பில் ஒரு பையன் அப்படி முடி வளர்த்து ஹெச்.எம்.மிடம் மாட்டியபோது தான் மட்டும் அவன் பக்கம் நின்றதாகவும் சொன்னாள்.

"போஸ்ட் ஹார்ட்கோர்?" என்று கேட்டேன். அவள் போனில் காட்டிய பட்டியலில் நான்கு இருந்தன, எனக்கு நான்கும் வேண்டும்.

"அதே ஃபாஸ்ட் லோக்கல். ஆனா பேசின் பிரிட்ஜ் சிக்னல்ல போய் நிக்குது. மின்விசிறி சத்தம் மட்டும் கேக்கும். யாரோ இருமுவாங்க. எப்ப எடுப்பான்னு தெரியாது. திடீர்னு ஒரு குலுக்கு, பிடிக்காம நின்னவன் எல்லாம் விழுவான். நிறுத்தத் தெரிஞ்ச ஹார்ட்கோர்னு வெச்சுக்கோ. கோவத்துக்கு நடுவுல யோசிக்க இடம் விடுது. தாளத்தை மாத்தும், மெதுவாப் போகும், மறுபடி அடிக்கும்."

"ஸ்க்ரீமோ?"

"வண்டி எடுத்துட்டான். பிளாட்பாரத்துல ஒருத்தன் ஓடி வரான். கை எட்டுது, எட்டுது, எட்டல. அப்ப அவன் வாயிலருந்து ஒண்ணு வரும் பாரு. முழுசா வார்த்தையாவும் இருக்காது. அதுதான்."

எதிரில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல நடித்தார். இப்போது பொறுக்க முடியவில்லை. "அவன் ஏறுனானா இல்லியாமா?"

"தெரியாதுண்ணா. பாட்டு அங்கயே முடிஞ்சிடும்."

"இன்னாமா இது, இப்டி அந்தரத்துல உட்டுட்ட," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

மாலையில் ஒத்திகைக்குப் போனேன். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை செய்யும் லோகு டிரம்ஸ் வாசிக்கிறான். டிரம்ஸ் என்றால் இரண்டு பழைய டிரம்மும் தகரமும். முபாரக் கிட்டார். பகலில் ஐ.டி. கம்பெனி, அதிகம் பேசமாட்டான், பேசினால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும். ரேவதி குரல். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் அமையவில்லை. முதலாளி ஷிஃப்ட் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுகிறார். பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் புகார் சொல்வதில்லை. லோகு அந்தப் பிரஸ் விழுகிற கணக்கிலேயே தாளம் பிடிக்கிறான். நடுவில் ஆபரேட்டர் டீ குடிக்கப் போனால் பாட்டும் டீ குடிக்கப் போகிறது.

ரேவதி முதன்முறை அலறியபோது நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தக் குரலை நான் நான்கு வருடம் பக்கத்துக் கட்டிலில் கேட்டதே இல்லை. கிழிந்த துணி போல, ஆனால் யாரோ வேண்டுமென்றே நேராகக் கிழித்த துணி. முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள், "பயந்துட்டியா டி?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. லோகு திங்கட்கிழமை மஸ்கட் போகிறான், வேலைக்கு. மூன்று வருடமாக இருக்கும் இந்தக் குழு, ஆட்கள் முன்னால் ஒரு பாட்டைக்கூட முடித்ததில்லை. ஆரம்பித்தவை மூன்று:

ஒன்று, ஒரு கல்லூரி விழா. நாற்பது விநாடியில் நடுவர் மணியடித்துவிட்டு, ரேவதிக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குளுக்கோஸோடு மேடை ஏறினார்.

இரண்டு, ஆவடியில் ஒரு மொட்டை மாடிப் பிறந்தநாள். பாதித் தெரு கட்டையோடு மேலே ஓடி வந்தது. "எவன்டா பொண்ணு மேல கை வெச்சது?" என்று முபாரக்கின் சட்டையைப் பிடித்தார்கள்.

மூன்று, இந்தப் பட்டறையின் ஆயுத பூஜை. ரேவதி அலற ஆரம்பித்ததும் மைக் செட்காரர் மைக்கையே அணைத்துவிட்டார். கேட்டதற்கு, "கத்துனா ஸ்பீக்கர் காயில் பூடும்" என்றாராம்.

"ஞாயித்துக்கெழம எங்க அக்காக்கு வளகாப்பு," என்றான் லோகு. "பட்டாபிராம்ல மினி ஹாலு. பந்திக்கு முன்னாடி அர மணி நேரம் குடுக்கிறேன்னு அக்கா சொல்லிகீது. ஒரே ஒரு பாட்டு சுபாக்கா. முழுசா. அத்த முடிச்சிட்டா நான் நிம்மதியா ஃப்ளைட் ஏறிடுவேன்."

"வளைகாப்பிலயா?"

"வேற எவன் நமக்கு ஸ்டேஜி குடுப்பான்?"

வெள்ளி

பிரஸ் ஷாப்பில் மதியம் குஸ்கா. பிரியாணியின் சோற்றை மட்டும் கறி இல்லாமல் தருவதற்கு ஒரு தனிப்பெயரும் தனி வரிசையும் உண்டு. கோவையில் இதைச் சொன்னால் கறியை யார் சாப்பிட்டது என்று கேட்பார்கள்.

மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். எனக்கு ஒரு தொழில் சந்தேகம் இருந்தது: இப்படி வாரத்துக்கு மூன்று நாள் அலறி, மறுநாள் காலை எப்படி ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துகிறாள்?

"தொண்டைய இறுக்கிக் கத்தினா ஒரே நாள்ல போயிடும். எல்லாரும் செய்யற தப்பு அதுதான். தொண்டையில பேசற குரல்நாண் இருக்கில்ல, அதுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு. அதை அதிர விடணும், காத்து வயித்துலருந்து, கொஞ்சமா. நெசமான பலம் மைக்கோடது. இது பாக்கத்தான் கத்தல்."

நம்பாமல் மீட்டரை எடுத்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அலறினாள். நாரை ஒன்று கிளம்பியது. எண்ணைப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் மகனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவை, வேடிக்கை பார்ப்பவள் போலப் பக்கத்தில் போய் நின்று, அவருக்குத் தெரியாமல், அதே தூரத்தில் அளந்தேன். அம்மாதான் அதிகம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மீண்டும் ஒரு முறை அளந்தேன். மீண்டும் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் பெயர் 'பரவால்ல'. எதைப் பற்றி என்று கேட்டேன். போன வருடம் ரேவதிக்கு நிச்சயமாகியிருந்தது எனக்குத் தெரியும். நின்றுபோனதும் தெரியும். எப்படி நின்றது என்று தெரியாது.

"ஸ்டாஃப் ரூம்ல இருந்தேன். பையனோட அம்மா போன் பண்ணாங்க. வேற இடம் பாத்துட்டோம்மா, தப்பா எடுத்துக்காதன்னு அழுதாங்க. நான் பரவால்ல ஆன்ட்டி, நீங்க அழாதீங்கன்னு சொன்னேன். கால் மணி நேரம் அவங்களைத் தேத்தினேன் சுபா. தேத்திட்டு ஆறாவது பீரியட் போய் வட்டத்தோட பரப்பளவு நடத்தினேன்."

என் வாயில் வந்த வார்த்தையும் 'பரவால்ல' என்றே இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

சனி

பூந்தமல்லியில் ஒரு சர்ச்சில் டிரம் செட் இரவல் கிடைத்தது. ஞாயிறு மாலை ஆராதனைக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வண்டி பேசியிருந்த ஆள் வரவில்லை. போன் அடித்தால் "தோ வந்துகினே கீறேன்" என்றார். ஒரு மணி நேரமாக வந்துகினே இருந்தார். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவை நாங்கள் நான்கு பேரும் டிரம்மும் நிரப்பினோம். என் மடியில் பெரிய தாளத்தட்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒரு முறை பேசியது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பேண்டு வாத்தியமா? சாவா, கல்யாணமா?"

"வளகாப்பு," என்றான் லோகு.

"வளகாப்புக்கு டிரம்மா! டேய், புள்ள உள்ளயே காதப் பொத்திக்கப் போவுதுடா."

ஆவடி வரும் வரை அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். லோகு சிரிக்கவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும் கேட்டான்: "அக்கா, நெசமாவே புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"நாளைக்கு மீட்டரைக் கொண்டு வரேன்," என்றேன்.

ஞாயிறு

மண்டபத்தில் ஒன்பதரைக்கே சினிமாப் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. மேடையில் செல்வியக்கா, லோகுவின் அக்கா, பட்டுப்புடவையும் கன்னம் நிறையச் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் ரோஜா நிறத் துணி, தெர்மகோல் தொட்டில். அந்தத் தொட்டிலுக்குக் கீழேதான் டிரம் செட்டை வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் நான் செல்வியக்கா நாற்காலிப் பக்கம் மீட்டரை வைத்து, பாட்டின் சத்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

மூலையில் மைக் செட் மிக்சருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பார்த்து ரேவதி அப்படியே நின்றாள். "போச்சு. தனபால் அண்ணன்."

ஆயுத பூஜையில் மைக்கை அணைத்தவர். அவருக்கும் அடையாளம் தெரிந்தது.

"நீங்களா? கத்துன கோஷ்டிதானே?"

"அண்ணா, அது பாட்டு," என்றான் லோகு.

"முப்பது வருசமா மைக்கு புடிக்கிறேன் நைனா, பாட்டுக்கும் கத்தலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஒரு தபா கட்சி மீட்டிங்குல ஒருத்தன் வாயை மைக்குல வெச்சிக்கினு கத்துனான். ரெண்டு பாக்ஸு காலி. அன்னிலருந்து எவன் கத்துனாலும் என் கை தானா எறங்கும். நானா பண்றதில்ல. கை பண்ணுது."

இதற்குள் செல்வியக்காவின் மாமியார் வந்துவிட்டார். விஷயம் கேட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "புள்ளத்தாச்சி ஒக்காந்துகீற எடத்துல அலறுவீங்களா? நல்ல நாளும் அதுவுமா? புள்ள பயந்துக்காது?"

லோகு தரையைப் பார்த்தான். முபாரக் கிட்டாரை உறைக்குள் வைக்க ஆரம்பித்தான். ரேவதி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு நிமிஷமுங்க," என்று மீட்டரை நீட்டினேன். "இது காலையில அக்கா சேர் பக்கத்துல அளந்ததுங்க. அண்ணன் போட்ட பாட்டு. இப்ப அதே இடத்துல ரேவதியை மைக்ல அளக்கலாம். எண்ணு இதைத் தாண்டினா பாட்டே வேண்டாங்க. உங்க மிக்சர்ல அந்தச் சிவப்பு லைட் ஒரு தடவை எரிஞ்சாலும் நானே நிறுத்திடறேனுங்ணா."

ரேவதி மைக்கை ஒரு கை தள்ளிப் பிடித்து, ஒரே ஒரு முறை, அளவாக அலறினாள். பூக்காரப் பெண் திரும்பினாள். தனபால் அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கி மீட்டரைப் பார்த்தார். தன் விளக்குகளைப் பார்த்தார். பச்சை. எண் காலைப் பாட்டைவிடக் குறைவு.

"என் பாட்டு அவ்ளோவா அடிக்குது?" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

மாமியார் இன்னும் இறங்கிவரவில்லை. மேடையிலிருந்து செல்வியக்கா கூப்பிட்டார். "அத்தே, வளையலு எதுக்குப் போடுறீங்கோ?"

"இன்னாடி கேள்வி? வவுத்துல கீற புள்ளைக்கு அம்மா கைச் சத்தம் கேக்கணும்னுதான்."

"எந்தம்பி நாளைக்கு பூடுவான். ரெண்டு வருசத்துக்கு வரமாட்டான். அவன் சத்தத்தையும் ஒருவாட்டி கேட்டுக்கட்டுமே."

மாமியார் லோகுவைப் பார்த்தார். "ஒரு பாட்டுதான்," என்றார். "பந்தி லேட்டாச்சு, தொலைச்சிடுவேன்."

நான் தனபால் அண்ணனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

1. ரேவதி பேசுவாள். மெதுவாக.
2. மூன்று பேரும் சேர்ந்து. அலறல் வரும். கை வைக்க வேண்டாம்.
3. எல்லாம் நின்றுவிடும். பாட்டு முடியவில்லை.
4. மறுபடி, முன்னைவிட அதிகம். கை வைக்க வேண்டாம்.
5. முடிவு.

அவர் உதட்டை அசைத்துப் படித்தார். மூன்றாவதை இரண்டு முறை படித்தார். "நின்னுடும், ஆனா முடியல. இன்னா கண்றாவியோ," என்று தாளை மிக்சரில் ஒட்டிக்கொண்டார்.

ஏழு சுமங்கலிகள் வளையல் போட்டு முடித்தார்கள். பன்னிரண்டே காலுக்கு லோகு தொட்டிலுக்கு அடியில் உட்கார்ந்தான். ரேவதி மைக் முன்னால், கிளாஸ் எடுக்கிற பருத்திப் புடவையில், கையில் ஒரு பச்சை வளையலோடு நின்றாள். அதை யார் போட்டுவிட்டார்களோ. முபாரக் இரண்டே இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி மீட்டினான். அவள் பேசினாள்.

"மழையில நின்னேன். பரவால்ல. வண்டியில இடம் இல்ல. பரவால்ல. என் பேரைத் தப்பா கூப்பிட்டாங்க. பரவால்ல."

முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஓர் அம்மா தலையை ஆட்டினார்.

"தேதி குறிச்சாங்க. பத்திரிகை அடிச்சாங்க. வேணாம்னாங்க. பரவால்ல ஆன்ட்டி. நீங்க அழாதீங்க. பரவால்ல."

டிரம் விழுந்தது. அதே வார்த்தை, ஆனால் இப்போது அலறலாக. பந்தியில் யார் கையிலிருந்தோ கரண்டி விழுந்த சத்தம். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கையை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். நான் மேடையைப் பார்க்கவில்லை, தனபால் அண்ணனின் கையைப் பார்த்தேன். அது மிக்சரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிடித்து இழுத்து, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு மூன்றாவது. எல்லாம் நின்றது. முபாரக்கின் கம்பி ஒன்று மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் மாமியார் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது மண்டபம் முழுக்கக் கேட்டது: "யாருடி அந்த ஆன்ட்டி? தேதி குறிச்சிட்டு வேணாம்னாளா?"

யாரோ கைதட்டினார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று எல்லாரும் தட்டினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. லோகுவின் பெரியப்பா, காலையிலிருந்து அறிவிப்பு மைக்கை விடாமல் வைத்திருந்தவர், எழுந்தார். "பந்தி போட்டாச்சு, எல்லாரும் அப்டியே மேல..."

லோகு குச்சிகளைப் பிடித்தபடி உறைந்துபோனான். நான்காவது முறையும் பாதியில்.

பெரியப்பாவின் குரல் நின்றது. மைக்கைத் தட்டினார். ஊதினார். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். தனபால் அண்ணனின் இடது கை மிக்சர் மேல் இருந்தது. வலது கை இன்னும் தொடைக்கு அடியில்தான்.

"பாட்டு முடியல சார்," என்றார் அவர் சத்தமாக, தாளில் விரலை வைத்து. "இப்ப மூணாவதுதான் ஓடுது. ஒக்காருங்கோ."

உட்கார்ந்தார்கள். லோகு ஒரு மூச்சு விட்டான், அடித்தான். நான்காவது என் நெஞ்செலும்பில் வந்து விழுந்தது. காதடைப்பான் பையிலேயே கிடந்தது. மீட்டரைப் பார்க்கவும் மறந்துபோனேன், தொழில் ரீதியாக இது வெட்கக்கேடு. ரேவதி குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துகள் உதிர, கடைசியில் வார்த்தையே இல்லாமல் வெறும் குரலாக அலறினாள். தாளத்தட்டை லோகு கையால் பிடித்து நிறுத்தினான். அவ்வளவுதான்.

யாரும் தட்டவில்லை. ஒரு முறை ஏமாந்த கூட்டம் இப்போது உஷாராக இருந்தது. எல்லாரும் தனபால் அண்ணனைப் பார்த்தார்கள். மேடையில் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். பாட்டு முடிந்த பிறகு என்ன செய்வது என்று அவர்கள் ஒத்திகை பார்த்ததே இல்லை. ரேவதி மைக்குக்கு அருகே வந்து, ஸ்டாஃப் ரூம் குரலில் சொன்னாள்: "அவ்ளோதாங்க. முடிஞ்சிடுச்சி."

"அதுக்குள்ளயா?" செல்வியக்கா இரண்டு கை வளையல்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சந்தனத்துக்கு நடுவே தெரியவில்லை. "உள்ள அவன் எட்டி ஒதைக்கிறான்டா லோகு. இன்னொண்ணு வாசி."

அப்போதுதான் கைதட்டல் வந்தது. லோகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு முபாரக்கிடம் சொன்னான், புகார் சொல்வது போல: "மச்சான், இன்னொண்ணு கேக்குறாங்கடா."

"பந்தி!" என்றார் பெரியப்பா, மைக் இல்லாமல்.

"சோறு எங்கயும் ஓடாது," என்றார் மாமியார்.

தனபால் அண்ணன் திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினார். "அடுத்த பாட்டுக்கு லிஸ்ட்டு குடுமா."

என்னிடம் இல்லை. நான் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டிருந்தேன். அடுத்தது எங்கே நிற்கும், எங்கே அலறும், எப்படி முடியும் என்று எனக்கும் தெரியாது. அதைச் சொன்னேன்.

அவர் நாற்காலியை மிக்சரிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டார்.

"அப்போ கேப்போம்," என்றார்.

லோகு குச்சிகளை உயர்த்தி நான்கு எண்ணினான்.